ஷாக் அப்சார்பரைச் சோதிக்க எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும்?

கேள்வி: பைக் ஷாக் அப்சார்பர்களுக்கு ஆயிலும் சீலும் மாற்றித் தரும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கையால் அமுக்கிப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். சில வண்டிகள் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடுகின்றன. லேத் வசதி இருப்பதால் சோதனை இயந்திரத்தை நானே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். எத்தனை எச்.பி. மோட்டார் போட வேண்டும்? வரும் ரீடிங்கை வைத்து நல்லது கெட்டதை எப்படிப் பிரிப்பது?

பதில்: எச்.பி. கணக்கு தானாக வந்து சேரும். முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். ராடு எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்து ஸ்பிரிங் எதிர்க்கும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆயில் எதிர்க்கும். கையால் அமுக்கும்போது, ஆயில் புகுந்து போகும் வால்வு முழுதாகத் திறக்கும் அளவுக்கு வேகமே வராது. ஆயில் சுத்தமாக வடிந்துபோனதையும் ராடு பிடித்துக்கொண்டதையும் கை கண்டுபிடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லாம் கைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் மோட்டார், கியர்பாக்ஸ், சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றும் கிராங்க் என்ற பழைய ஏற்பாடே உங்களுக்குப் போதும். கிராங்க் ஆரம் 25 மி.மீ. வையுங்கள், ஓட்டம் 50 மி.மீ. கிடைக்கும். ஓட்டத்தை நொடிக்கான சுற்றால் பெருக்கி, மறுபடி 3.14ஆல் பெருக்கினால் உச்ச வேகம். நிமிடத்துக்கு 38 சுற்றில் நொடிக்கு 0.1 மீட்டர், 115 சுற்றில் 0.3, 191 சுற்றில் 0.5. பைக் வேலைக்கு இந்த மூன்று வேகமும் போதும். கிராங்க் தட்டில் 10 மி.மீ. ஆரத்தில் இன்னொரு துளையும் போட்டு வையுங்கள். ஓட்டம் குறைந்த மாடல் வந்தால் கைகொடுக்கும்.

இப்போது மோட்டார். 0.5 மீட்டர் வேகத்தில் ரீபவுண்ட் (ராடு வெளியே வரும்போது) விசை 1,200 நியூட்டன், அதாவது சுமார் 120 கிலோ எடை, கம்ப்ரஷனில் (ராடு உள்ளே போகும்போது) 400 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் தேவைப்படும் திறன் 600 வாட். ஒரு முழுச் சுற்றின் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 200 வாட்தான். ஆனால் மோட்டார் உச்சத்தில் திணறினால் சுற்று சீராக இருக்காது, வேகக் கணக்கே பொய்யாகிவிடும். 1,200 நியூட்டனை 25 மி.மீ. ஆரத்தில் சுழற்ற 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். 2 எச்.பி., 1,440 ஆர்.பி.எம். மோட்டாருடன் 7.5க்கு 1 கியர்பாக்ஸ் போட்டால் 192 சுற்றும், இழப்பு போக 60 நியூட்டன் மீட்டருக்குப் பக்கமும் கிடைக்கும். வேகத்தைக் குறைக்க, மின்சார அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. போடுங்கள். 38 சுற்றில் மோட்டாரின் சொந்த மின்விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், எனவே அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள்.

இயந்திரத்தைத் தாங்கும் சட்டத்தை (ஃபிரேம்) பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்புக் காரணி 20 வந்திருக்கிறது என்று கணினியில் வண்ணப்படம் எடுத்துப் பெருமைப்படும் மாணவர் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் உடையாது, அது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வளைகிறது என்பதுதான் கேள்வி. 400 மி.மீ. இடைவெளியில் 75 மி.மீ. சீ சேனல் ஒன்றை உயரவாக்கில் நிறுத்தி வைத்தால், 5,000 நியூட்டனுக்குக்கூட சுமார் 0.05 மி.மீ.தான் வளையும். அது போதும்.

விசையை அளக்கும் சென்சாரான லோடு செல்லை எங்கே வைப்பது? மேலே, அசையாத குறுக்குச் சட்டத்தில். நான் முதலில் செய்த இயந்திரத்தில் வயர் எட்டுவது சுலபம் என்று கீழே, அசையும் பக்கத்தில் மாட்டிவிட்டு, வரைபடம் ஏன் கோணிக்கொண்டு வருகிறது என்று நாள்கணக்கில் வால்வைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோடு செல்லுக்கு மேலே அசையும் எடை 2 கிலோ என்றால், 191 சுற்றில் அந்த எடை மட்டுமே 20 நியூட்டன் காட்டும். சுற்று இரட்டித்தால் அது 80 ஆகிவிடும்.

லோடு செல்லின் ரீடிங்கைப் படிக்க, எடை மெஷினுக்கு வரும் மலிவான எச்.எக்ஸ். 711 போர்டையும் தவிர்த்துவிடுங்கள். நொடிக்கு 10 அல்லது 80 முறைதான் அது படிக்கும். 191 சுற்றில் 80 முறை என்றால் சுற்றுக்கு 25 புள்ளி. நொடிக்கு 1,000 முறை, விசையையும் இடப்பெயர்ச்சியையும் ஒரே நேரத்தில் படிக்கும் கருவி வேண்டும். ஒன்று 5 மில்லிசெகண்ட் பிந்தினாலும் நல்ல ஷாக் கெட்டது மாதிரித் தெரியும். வேகத்தைச் சுற்றிலிருந்து ஊகிக்காமல் இடப்பெயர்ச்சி சென்சாரிலிருந்தே கணக்கிடுங்கள். கனெக்டிங் ராடு 150 மி.மீ. என்றால் உச்ச வேகம் ஒன்றரை சதவீதம்கூட மாறாது, ஆனால் அது வரும் இடம் நடு ஓட்டத்திலிருந்து விலகியிருக்கும்.

ஷாக்கை மாட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். மி.மீ.க்கு 20 நியூட்டன் ஸ்பிரிங் 25 மி.மீ.யில் 500 நியூட்டன் சேர்த்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் ஸ்டீல் புஷ். கேஸ் இல்லாத இரட்டைக் குழாய் வகையை வண்டியில் நிற்கிறபடியே நிமிர்த்தி மாட்டி, முதல் ஐந்தாறு ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். உள்ளே படுத்திருந்த காற்று அப்போதுதான் மேலேறும். கேஸ் வகையில் ராடு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 12 மி.மீ. ராடு, 20 பார் அழுத்தம் என்றால் 226 நியூட்டன். மிக மெதுவாக ஓட்டி இரு திசை விசைகளையும் அவற்றின் குறியோடு சராசரி எடுத்தால் அந்தத் தள்ளல் கிடைக்கும், அதைக் கழித்துவிடுங்கள். அந்த இரு விசைகளின் வித்தியாசத்தில் பாதி, சீலின் உராய்வு. புது சீல் ராடைப் பிடிக்கிறதா என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

இனி ரீடிங். இடப்பெயர்ச்சி ஒரு அச்சு, விசை ஒரு அச்சு என்று வரைந்தால் முட்டை போன்ற மூடிய வளையம் வரும். ரீபவுண்ட் பக்கம் பருத்திருப்பது இயல்பு. திசை மாறிய உடனே விசை எழும்பாமல், ஓட்டத்தின் தொடக்கத்தில் எலி கடித்த மாதிரி குழிந்திருந்தால் ஆயில் குறைவு அல்லது ஆயிலில் காற்று. ஒரு மாதத்தில் திரும்பி வரும் உங்கள் வண்டிகளில் இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். இரு முனைகளிலும் விசை கொஞ்ச தூரம் பூஜ்யத்திலேயே தங்கினால் ஷாக்கில் குறையில்லை, நீங்கள் அதை மாட்டிய பின் (pin) தளர்ந்து ஆடுகிறது. ஒரு பாதி மட்டும் தட்டையாகப் படுத்திருந்தால் அந்தப் பக்கத்து வால்வு மூடவில்லை.

எத்தனை நியூட்டன் இருந்தால் நல்லது என்று பொதுவான எண் கிடையாது. நீங்கள் அதிகம் பழுது பார்க்கும் மாடலில் புது ஷாக் மூன்று வாங்கி, மூன்று வேகத்திலும் ஓட்டிப் பதிந்து வையுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். ஒப்பிடும்போது வெப்பநிலை ஒன்றாக இருக்கட்டும். மேலே சொன்ன 200 வாட் முழுவதும் ஆயிலில்தான் இறங்குகிறது. ஒன்றரைக் கிலோ ஷாக் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடேறும், சூடேறினால் விசை இறங்கும். கணக்கில் எடுக்காத முதல் ஓட்டங்கள் போக, நாலு சுற்று ஓட்டி, படித்து, நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு புது மாடலை மாட்டியதும் சுவிட்சைப் போடும் முன், கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ராடு உள்ளே முட்டி நின்றால் மோட்டார் விடாது. ராடு வளையும், அல்லது லோடு செல் போகும்.