அம்மாவின் தலையணை உறைக்குள் மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது, அப்போது வலிக்குக் கொடுத்த டிரமடாலை இன்னும் விடவில்லை. இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்குகிறார். தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து நேற்று கழிப்பறையில் கொட்டிவிட்டேன். இப்போது கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தூக்க மாத்திரைதான் கொடுத்தேன். அம்மா போதைக்கு அடிமையாகிவிட்டாரா? மாமா சொல்வதுபோல் வீட்டிலேயே அடக்கி வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: அடக்கி வைக்காதீர்கள். முதலில் இன்றே டாக்டரிடம் பேசுங்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் மருந்து திடீரென்று நின்றதால் உடம்பு படும் பாடு. டிரமடால் ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபினி போல வேலை செய்கிற வலி மருந்து. அதோடு மனநிலை சம்பந்தப்பட்ட ரசாயனங்களையும் தொடுவதால், சட்டென்று நிறுத்தினால் சிலருக்குப் பயங்கரப் பதற்றமும் குழப்பமும்கூட வரும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் 61 வயதில் வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து இறங்கினால் அதை லேசாக எடுக்க முடியாது.

இன்னொன்று, இதுதான் பலருக்குத் தெரியாது. சில நாள் மருந்தில்லாமல் இருந்தவருக்கு உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும், அப்போது பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுபோகலாம். ஆகவே இரக்கப்பட்டு நீங்களாக எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சு இன்னும் தளரும். அம்மா தூக்க மாத்திரையையும் தினமும் சாப்பிடுகிறவர் என்றால், அதைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு, வலிப்பு வரலாம். இரண்டையும் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, அடிமையா இல்லையா? வாரக்கணக்கில் தினமும் ஓபியாய்டு சாப்பிட்ட யாருக்கும் உடம்பு பழகிப்போகும், நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். அது மட்டும் இருந்தால் அடிமை என்று சொல்வதில்லை. கெடுதல் தெரிந்தும் ஏக்கம் விடாமல் துரத்துவது, அளவு கைமீறிப் போவது, அதுதான் அடிமைத்தனம். இரண்டு டாக்டர், தலையணை உறை எல்லாம் சந்தேகப்பட வைக்கிறதுதான். ஆனால் வலி தீராத மனுஷியும், "போதும்மா, நிறுத்து" என்று எல்லோரும் சொன்னால், இதையேதான் செய்வார். நேரில் பேசிப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும். என் கோபம் வேறு பக்கம்: எட்டு மாதத்தில் யாராவது ஒருவர், "இப்ப எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?" என்று கேட்டு மருந்தைக் குறைக்கப் பார்த்திருக்க வேண்டாமா? நீண்ட நாள் ஓபியாய்டே சிலருக்கு வலியைக் கூட்டிவிடும் என்பது வேறு இருக்கிறது.

வெறும் பழக்கம்தான் என்று தெரிந்தால், படிப்படியாகக் குறைப்பார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம், தேவைப்பட்டால் அதைவிட மெதுவாக. மாதக்கணக்கு என்றால் கொஞ்சம் வேகமாகப் போகலாம். நடுவில் அம்மா தடுமாறினால் குறைக்காமல் அதே அளவைக் கொஞ்ச நாள் தொடர்வதில் தப்பில்லை.

அடிமைத்தனம் என்றே வந்தாலும் அதற்கு மருந்து இருக்கிறது. பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவையும் ஓபியாய்டு வகைதான், அதனால் "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று மாமா கேட்பார் பாருங்கள். முறையாக எடுத்துக்கொண்டால் இது கிறக்கம் தராது, ஏக்கத்தை அடக்கி, மனுஷியை அன்றாட வேலைக்குத் திருப்பும். இந்தச் சிகிச்சையில் நிலைத்திருப்பவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மருந்தை வெறுமனே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பியூப்ரினார்ஃபினுக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மூச்சை அடக்கும் வேகம் ஏறாது, அது பெரிய வசதி. ஆனால் பழைய மருந்து உடம்பில் நிறைய இருக்கும்போதே கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு அவஸ்தையைக் கிளப்பிவிடும், அதனால்தான் கொட்டாவி, மூக்கொழுகல் மாதிரி மருந்து நின்ற அறிகுறிகள் தொடங்கும்வரை காத்திருந்து ஆரம்பிப்பார்கள்.

ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நாலாக்ஸோன் என்ற மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, தட்டியும் எழவில்லை என்றால் மீட்பது அதுதான். ஆனால் ஒரு மணி நேரம் போல்தான் தாங்கும், அப்புறம் ஓபியாய்டு மறுபடி தலைதூக்கலாம், ஆகவே அதைப் போட்டுவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது இரண்டு சீட்டுகளையும், தூக்க மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் அம்மாவைப் பேச விடுங்கள், நீங்கள் குறுக்கே புகுந்து புகார் சொல்லாதீர்கள்.