எந்த ஜோசப்ஸ்? பெங்களூர்த் தமிழர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் "ஜோசப்ஸ்ல படிச்சேன்" என்று ஒருவர் சொன்னால், தண்டுப் (கண்டோன்மென்ட்) பக்கத்து ஆட்கள் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள்: "எந்த ஜோசப்ஸ்? பாய்ஸா, இந்தியனா?" இங்கே புனித ஜோசப் பெயரில் பாய்ஸ் ஹைஸ்கூல், இந்தியன் ஹைஸ்கூல் என்று இரண்டு பள்ளிகள். என் அப்பாவுக்கு சிவாஜிநகரில் தையல் கடை. மே மாதக் கடைசியில் சீருடை தைக்க வருபவர்களிடம் இன்ச் டேப்பை எடுப்பதற்கு முன்பே இதைத்தான் கேட்பார். நான் இந்தியனில் படித்தவன். பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் இதே ஊரில் சரித்திர வாத்தியார். பள்ளிக்கூடக் கதைகளைச் சேர்ப்பது பழக்கமாகிவிட்டது. "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதும் வந்த கேள்விகள் இவை.

சார், ராகுல் டிராவிட் படித்தது எந்த ஜோசப்ஸ்? மச்சானோடு ஐந்நூறு ரூபாய் பந்தயம். (அல்சூர்)

மியூசியம் ரோட்டில் இருக்கும் பாய்ஸ் ஹைஸ்கூல். ஆனால் பணத்தை வாங்குவதற்கு முன் மச்சான் என்ன சொன்னார் என்று பாருங்கள். "காமர்ஸ் காலேஜ்" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதும் தப்பில்லை. பட்டப்படிப்புக்கு டிராவிட் போனது பிரிகேட் ரோட்டில் உள்ள புனித ஜோசப் வணிகக் கல்லூரிக்கு. அந்தக் கல்லூரி 1972இல் புனித ஜோசப் கல்லூரியிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஆக பள்ளி ஒன்று, கல்லூரி ஒன்று, இரண்டும் ஜோசப்ஸ். ஊரில் பாதிச் சண்டை இதனால்தான்.

அவர் பிறந்தது இந்தூரில், 1973இல். வீட்டில் மராத்தி. அப்பா கிசான் ஜாம் கம்பெனியில் வேலை பார்த்ததால் பையன்கள் 'ஜாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக் காலத்தில் விக்கெட் கீப்பராகவும் நின்றவர். 1991 பிப்ரவரியில், பதினெட்டு வயதில், புனேயில் மகாராஷ்டிராவுக்கு எதிராக ரஞ்சியில் இறங்கி 82 அடித்தார். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்: 164 டெஸ்ட், 13,288 ரன். எனக்கு அதைவிடப் பிடித்தது 2017இல் நடந்த ஒன்று. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம் என்றபோது, ஆராய்ச்சி செய்து வாங்கிக்கொள்கிறேன், சும்மா வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த மாதிரிச் செய்தி ஒரு செஞ்சுரிக்குச் சமம்.

இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் பள்ளிக்கு எதற்கு 'இந்தியன்' ஹைஸ்கூல் என்று பெயர்? என் மகன் கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை. (பிரேசர் டவுன்)

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

மற்றது 'யூரோப்பியன்' ஹைஸ்கூல் என்பதால்தான் இது 'இந்தியன்'. இன்று பாய்ஸ் என்று நாம் சொல்லும் பள்ளிக்கு முன்பு இருந்த பெயர் புனித ஜோசப் யூரோப்பியன் ஹைஸ்கூல். 1858இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு சாமியார்கள் தொடங்கியது. சிப்பாய்க் கலகம் நடந்ததற்கு மறு வருடம். பட்டாளத்து வெள்ளைக்காரர்களின் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் தண்டு முழுக்க இருந்தார்கள். 1882இல் கல்லூரியும் வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பு தனியாகப் பிரிந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'இந்தியன்' என்ற பெயரில் தனிப் பள்ளியானது. இன்று அது விட்டல் மல்லையா ரோட்டில், யு.பி. சிட்டிக்கு எதிரில் இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்த ரோட்டை கிராண்ட் ரோடு என்போம். இரண்டு பள்ளிக்கும் நடுவே நடந்தால் இருபது நிமிடம்.

பிரிவு பெயரோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் யூரோப்பியன் பள்ளிகளுக்கு விதிமுறை தனி, மானியம் தனி, பரீட்சையும் தனி. அந்தப் பிள்ளைகள் எழுதியது கேம்பிரிட்ஜ் பரீட்சை, விடைத்தாள் கப்பலேறிப் போகும். இந்தியப் பள்ளிகளில் மெட்ரிகுலேஷன், பிறகு எஸ்.எஸ்.எல்.சி. சுதந்திரத்துக்குப் பிறகு, 1958இல், அந்தக் கேம்பிரிட்ஜ் வழியை நம் நாட்டுக்கேற்ப நடத்த ஒரு கவுன்சில் அமைத்தார்கள். இன்றைய ஐ.சி.எஸ்.இ. அந்த வழியில் வந்ததுதான். இப்போது பாருங்கள்: பாய்ஸ் ஐ.சி.எஸ்.இ. பள்ளி, எங்கள் இந்தியன் மாநிலப் பாடத்திட்டப் பள்ளி. யூரோப்பியன் என்ற பெயர்ப்பலகை போய் எத்தனையோ வருடமாகியும் பரீட்சையில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். சிவாஜிநகர், அல்சூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் திறந்திருந்த கதவு இந்தியன்தான். எங்கள் பாட்டிக்கு யூரோப்பியனும் தெரியாது, ஜோசப்பும் தெரியாது. ஜோசப்புக்குத் தமிழில் சூசையப்பர் இல்லையா, "சூசையப்பர் ஸ்கூல்" என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

ஜோசப்ஸ் என்றால் ஏசு சபை (ஜெசூட்) சாமியார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். என் தாத்தாவோ பிரெஞ்சு சாமியாரிடம் அடி வாங்கியதாகச் சொல்வார். யார் சொல்வது சரி? (காக்ஸ் டவுன்)

இரண்டும் சரி. 1937இல்தான் ஏசு சபையார் இந்தப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் சுமார் எண்பது வருடம் பாரிஸ் சபை. தாத்தா 1937க்கு முன் படித்தவரென்றால் பிரெஞ்சு சாமியார்தான் பிரம்பைப் பிடித்திருப்பார்.

இந்தப் பாரிஸ் சபைக்காரர்கள் தமிழர்களுக்குப் புதியவர்கள் இல்லை. நம் சிவாஜிநகர் மாதா கோவிலின் தொடக்கமும் அவர்கள்தான். 1818இல் அந்தச் சபைச் சாமியார் ஆபே துபுவா கட்டிய சிற்றாலயம் அது. ஏசு சபையார் வந்தது வேறு வழி. 1878இல் இத்தாலியர்கள் மங்களூருக்கு வந்து, 1880இல் அங்கே அலாய்சியஸ் கல்லூரியைத் தொடங்கியிருந்தார்கள். அந்த மங்களூர்க் கிளைதான் பிறகு பெங்களூர் வரை நீண்டது. பழைய ஜோசப்ஸ் வாத்தியார்களில் மங்களூர்ப் பெயர்கள் அவ்வளவு இருப்பதற்குக் காரணமும் அதுதான் என்பது என் கணிப்பு.

பிரகாஷ்ராஜ் நம்ம ஜோசப்ஸ் பையனாமே? (ராமமூர்த்தி நகர்)

ஆமாம், அதுவும் இந்தியன் ஜோசப்ஸ்! இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குரல் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி இந்தியன், அப்புறம் வணிகக் கல்லூரி. டிராவிட் ஒரு கதவு வழியாகவும் இவர் இன்னொரு கதவு வழியாகவும் வந்து ஒரே கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒரே வகுப்பில் இருந்திருப்பார்கள் என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். பிரகாஷ்ராஜ் 1965இல் பிறந்தவர், எட்டு வருடம் மூத்தவர்.

பெங்களூரில் ரவீந்திர கலாக்ஷேத்திரா மேடையில் கன்னட நாடகம் போட்டு வளர்ந்தவர். பிரகாஷ் ராயாக இருந்தவரைத் தமிழுக்குக் கொண்டுவந்து, பிரகாஷ்ராஜ் ஆக்கியவர் கே. பாலசந்தர். 1994இல் வந்த 'டூயட்'தான் முதல் தமிழ்ப்படம். கன்னடக்காரர் இவ்வளவு நல்ல தமிழ் எப்படிப் பேசுகிறார் என்று சென்னைக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். தண்டுப் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சில் நாலு பேர் என்றால் தமிழ், கன்னடம், உருது, கொங்கணி நாலும் இருக்கும்.

பிஷப் காட்டனும் கத்தோலிக்கப் பள்ளிதானே? இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகணி ஜோசப்ஸ் என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள், காட்டன்ஸ் என்கிறான் என் அண்ணன். (இந்திராநகர்)

காட்டன் கத்தோலிக்கம் இல்லை தம்பி. 1865இல் ஆங்கிலிகன் திருச்சபையார் தொடங்கியது, இப்போது சி.எஸ்.ஐ. ஜெனரல் திம்மய்யா, அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா எல்லாம் அங்கே படித்தவர்கள். காட்டனுக்கும் ஜோசப்ஸுக்கும் விளையாட்டில் தலைமுறை தலைமுறையாகப் போட்டி.

நிலேகணி விஷயத்தில் அங்கிளும் முழுக்கத் தப்பில்லை. பெங்களூரில் அவர் படித்தது காட்டன்ஸ். பிறகு தார்வாடில் படித்த பள்ளியின் பெயர் புனித ஜோசப் ஹைஸ்கூல்! மறுபடியும் அதே கேள்விதான்: எந்த ஜோசப்ஸ்?

ஹாட்மெயில் கண்டுபிடித்தவரும் இங்கே படித்தவர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, இல்லை வாட்ஸ்அப் கதையா? (ஒயிட்ஃபீல்டு)

உண்மை. சபீர் பாட்டியா. சண்டிகரில் பிறந்து, புனேயில் பிஷப்ஸ் பள்ளியில் படித்து, பிறகு மியூசியம் ரோடு பாய்ஸ் பள்ளி. பிலானியில் பிட்ஸ் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்காவில் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு. ஜாக் ஸ்மித் என்ற நண்பரோடு சேர்ந்து ஹாட்மெயிலை வெளியிட்டது 1996 ஜூலை 4. அடுத்த வருடக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது.

இங்கே ஒரு வேடிக்கை. டிராவிட் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடி 95இல் அவுட்டானது 1996 ஜூன் மாதம் 20ஆம் தேதி தொடங்கிய ஆட்டத்தில். ஒரே பள்ளிப் பையன்கள் இருவர், இரண்டு வார இடைவெளியில், உலகத்தின் இரண்டு மூலையில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஜூலையில் எங்களுக்கு ஐந்து ரன் போனதுதான் துக்கம். இமெயில் என்றால் என்னவென்று ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று. இரண்டு வருடம் படித்தாலும் பன்னிரண்டு வருடம் படித்தாலும் "எங்கள் மாணவர்" என்று எல்லாப் பள்ளியும் சொல்லிக்கொள்ளும். புனேயிலும் பாட்டியாவின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்துப் பள்ளியை எடைபோடாதீர்கள்.

நாங்கள் இந்துக்கள். பையனைச் சேர்த்தால் ஞானோபதேச வகுப்பில் உட்கார வைப்பார்களா? ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீதத்தில் இடம் கிடைக்குமா? (கே.ஆர். புரம்)

முதல் பயம் வேண்டாம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு அந்தப் பீரியடில் மாரல் சயின்ஸ். பல தலைமுறையாக வழக்கம் இப்படித்தான். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் பிள்ளையைக் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

இரண்டாவதில் நல்ல செய்தி இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு ஆர்.டி.இ. சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை மறுபடி பார்க்க வேண்டுமென்று 2025இல் இரண்டு நீதிபதிகள் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்காமல் சாதாரண அட்மிஷனுக்கே விண்ணப்பியுங்கள்.

ஆண்களுக்கு மட்டும் பள்ளி கட்டிவிட்டு, பெண் பிள்ளைகளை மறந்துவிட்டார்களா அந்தச் சாமியார்கள்? (ஜீவன்பீமா நகர்)

இல்லையம்மா, உங்கள் பக்கம்தான் முந்தியது. குட் ஷெப்பர்டு கன்னியர்கள் 1854இலேயே பெங்களூருக்கு வந்து பெண் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கிவிட்டார்கள். அதே மியூசியம் ரோட்டுப் பக்கம்தான், சேக்ரட் ஹார்ட் பள்ளி. பையன்களுக்கு நாலு வருடம் கழித்துத்தான் விடிந்தது.

பள்ளியில் தமிழ் எடுக்க முடியுமா? (அல்சூர்)

சேரும்போது அலுவலகத்தில் கேளுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும். கன்னடத்திலிருந்து தப்பிக்க மட்டும் பார்க்காதீர்கள். 2015ஆம் வருடச் சட்டப்படி, எந்த போர்டாக இருந்தாலும் கன்னடம் ஒரு மொழியாகப் படித்தே ஆக வேண்டும். இந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிடுகிறோம், படித்தால் என்ன?

என் தாத்தா 1940களில் ஜோசப்ஸில் படித்தார் என்கிறார்கள். பெயர் ராயப்பன். அந்தப் பதிவை எப்படித் தேடுவது? (சிவாஜிநகர்)

முதலில் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்: ஸ்கூலுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? மியூசியம் ரோடா, கிராண்ட் ரோடா? ஊர்ப் பெயரும் ரோட்டுப் பெயரும்தான் உங்களைச் சரியான பள்ளிக்குக் கொண்டுபோகும். ஒரு ஜோசப்ஸின் சேர்க்கைப் பதிவேட்டில் மற்ற ஜோசப்ஸின் பையன் இருக்கமாட்டான். தெரிந்த வருடம், அவருடைய அப்பா பெயர், வசித்த தெரு மூன்றையும் எழுதி, நீங்கள் பேரன் என்பதற்கு அத்தாட்சி வைத்து, தலைமையாசிரியருக்கு மனு கொடுங்கள். ஜூன் மாதம் போகாதீர்கள், அட்மிஷன் நேரம், யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

அதற்கு முன் மாதா கோவிலில் ஞானஸ்நானப் பதிவைப் பார்ப்பது நல்லது, பிறந்த தேதி அங்கே சரியாக இருக்கும். இன்னொன்று, சாமியார்கள் எழுதிய பதிவுகளில் நம் பெயர்கள் மாறியிருக்கும். சின்னப்பன் பால் ஆவான், அருளப்பன் ஜான் ஆவான், சூசை ஜோசப் ஆவான். ராயப்பன் என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் பீட்டர் என்று தேடச் சொல்லுங்கள்.