அட்வான்ஸ் போய்விடுமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். இதுவரை வாடகை வீடுதான். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பழைய வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி, வங்கி மூலம் 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டோம். பதிவு செய்யவில்லை. மூன்று மாதத்தில் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று அதில் இருக்கிறது. இன்னும் இருபது நாள்தான் பாக்கி. வங்கியில் வீட்டுக்கு 36 லட்சம்தான் மதிப்புப் போட்டு, 28 லட்சத்து 80 ஆயிரம்தான் கடன் என்கிறார்கள். பத்திரத்தில் 30 லட்சம் மட்டும் காட்டி, மீதியை ரொக்கமாகக் கேட்கிறார் வீட்டுக்காரர். வீடு அவருடைய அப்பா வாங்கியது; உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தங்கை கையெழுத்தும் வேண்டும் என்கிறார் வங்கி வக்கீல். என் அட்வான்ஸ் போய்விடுமா?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே தங்கை கையெழுத்து, உங்கள் பிடியே அதில்தான் இருக்கிறது.

இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா சொந்தமாக வாங்கிய வீடு, உயிலும் இல்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பாகம். ‘கல்யாணத்திலேயே நகை போட்டு அனுப்பியாச்சு’ என்கிற பேச்சு கோர்ட்டில் எடுபடாது. பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தாலும் தங்கை பாகம் போய்விடாது. அம்மா இருந்தால் அவர் கையெழுத்தும் தேவை. முழு வீட்டையும் விற்பதாக உங்களிடம் எழுதிக்கொடுத்தவரால், தன் பாகத்தை மட்டும்தான் விற்க முடியும். உரிமையில் உள்ள குறையை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு. அந்தக் குறையைச் சரிசெய்யாமல், கெடு முடிந்தது என்று சொல்லி அட்வான்ஸை அவர் வைத்துக்கொள்வது கடினம்.

இதே, கடன் குறைந்தது மட்டும்தான் காரணம் என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். வாக்குறுதிக்கு உத்தரவாதமாகக் கொடுத்த அட்வான்ஸை, வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ‘லோன் வரவில்லை, வாங்க முடியாது’ என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள். புரோக்கரிடமும் சொல்லாதீர்கள், அவர் இரண்டு பக்கமும் பேசுகிறவர். மாறாக, கெடு முடியும் முன்பே ஒரு வக்கீல் நோட்டீஸை ஒப்புகையோடு அனுப்புங்கள்: கிரயம் முடிக்கத் தயாராக இருக்கிறேன், தங்கையும் மற்ற வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், வாரிசுச் சான்றும் அசல் மூலப்பத்திரமும் வேண்டும், அதுவரை கெடுவை நீட்டிக்க வேண்டும். வங்கி வக்கீல் கேட்டதை எழுத்தில் வாங்கி இணையுங்கள். தயார் என்று எழுதினால் மட்டும் போதாது, மீதிப் பணத்துக்கு வழி இருப்பதற்கான கணக்கு விவரமும் கையில் இருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். நீங்கள் செய்யாதது தவறுதான். ஆனாலும், பதிவாகாத அக்ரிமெண்டையும் கிரயம் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வங்கி வழியாகப் போனது நல்லதாயிற்று. வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. போட்டால், அட்வான்ஸைத் திருப்பித் தரவும் அதே பிராதில் (வழக்கு மனுவில்) சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

இனி பணம். வங்கி உங்களுக்குப் போட்டிருப்பது வீட்டு மதிப்பில் 80 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு 80 சதவீதம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு அது 90 சதவீதம். 36 லட்சம் மதிப்புக்கு 30 லட்சம் கடன் இந்த வரம்புக்குள் வருகிறது. உங்கள் சம்பளத்துக்குத் தவணை தாங்குமானால் ‘30 லட்சமாகக் கொடுங்கள்’ என்று மேலாளரிடம் கேளுங்கள். கொடுப்பது அவர்கள் விருப்பம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 42 லட்சத்துக்கு 3 லட்சத்து 78 ஆயிரம் ஆகும். இதற்குக் கடன் கிடைக்காது, கைப்பணம்தான்.

30 லட்சம் மட்டும் பத்திரத்தில் காட்டும் யோசனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் மிச்சமாவது 1 லட்சத்து 8 ஆயிரம். பத்திர விலை குறைந்தால் வங்கியும் கடனைக் குறைக்கும்; 30 லட்சத்துக்கு 90 சதவீதமே போட்டாலும் 27 லட்சம்தான். சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அது அவர் தலைவலி. கைமாறிய 12 லட்சத்துக்கு அத்தாட்சி இல்லாமல் நிற்பது உங்கள் தலைவலி.

விலையைத் திரும்பப் பேசலாமா? சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனால் பேசலாம். வங்கி 36 லட்சம் போட்ட வீட்டை, தங்கை கையெழுத்து இல்லாமல் அவர் வேறு யாரிடமும் எளிதில் விற்க முடியாது. 2015 மழையில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டும் போங்கள். கெடிலம் ஆற்றுப் பக்கத்து வீடுகளுக்கு விலையில் அதுவும் ஒரு கணக்கு.

பேச்சு படிந்தால் தங்கையையும் விற்பவராகச் சேர்த்துப் புது அக்ரிமெண்ட் எழுதி, இந்த முறை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சுவாதீனம் கை மாறாத அக்ரிமெண்டுக்கு பதிவுக் கட்டணம் அட்வான்ஸில் 1 சதவீதம், உங்களுக்கு 3,000 ரூபாய். உரிமைக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரியை, தேதியோடு, அதில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு வீட்டுக்காரர் மறுத்தால் அடுத்த காசோலையைக் கொடுக்காதீர்கள்.