சதுரங்கச் சில்லுகள் எங்கே போயின?

கேள்வி: 1997-இல் கேரி காஸ்பரோவை வென்ற ‘டீப் ப்ளூ’ கணினியில் சதுரங்கத்துக்கென்றே வடிவமைத்த சில்லுகள் இருந்தனவாமே? அவற்றின் சிறப்பு என்ன? இன்று அவை ஏன் வழக்கில் இல்லை?

பதில்: ஆம், 480 சில்லுகள் இருந்தன. பொதுப் பயன்பாட்டுச் செயலி நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றித்தான் ஒரு காய் எங்கெங்கே நகரலாம் என்று கண்டறியும். சதுரங்கச் சில்லிலோ 64 கட்டங்களுக்கும் தனித்தனி மின்சுற்றுகள் உண்டு. யானை நிற்கும் கட்டத்திலிருந்து கிளம்பும் மின்குறிப்பு, வழியில் வேறொரு காய் மறிக்கும் வரை அடுத்தடுத்த கட்டங்களுக்குப் பரவும். எல்லாக் காய்களுக்கும் இது ஒரே நேரத்தில் நடக்கும். வெட்டும் நகர்வுகளில், எதிரியின் மதிப்பு மிகுந்த காயை நம்முடைய மதிப்புக் குறைந்த காயால் வெட்டுவதையே சுற்று முதலில் எடுத்துத் தரும். இந்த வரிசை முக்கியம். நல்ல நகர்வு முன்னதாகவே கிடைத்துவிட்டால், ஏற்கெனவே கிடைத்ததைவிட நல்ல பலன் தராது என்று தெரிந்த வழிகளை விட்டுவிடும் ஆல்ஃபா-பீட்டா முறையில், ஆராயத் தேவையில்லாத கிளைகள் ஏராளமாகக் கழிந்துவிடும். நகர்வுகளைச் சுற்றுகளாலேயே கண்டறியும் இந்த உத்தியை 1970-களிலேயே பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் உருவாக்கிய ‘பெல்’ இயந்திரத்தில் காணலாம். அது 1980-இல் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டம் வென்றது.

டீப் ப்ளூவின் ஒவ்வொரு சில்லும் வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகளை ஆராயும். 480-ஆல் பெருக்கினால் நூறு கோடியை நெருங்கும். ஆயினும் 1997 போட்டியில் கிடைத்த சராசரி 12.6 கோடிதான். அத்தனை சில்லுகளுக்கும் இடைவிடாது பயனுள்ள வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது அவ்வளவு கடினம்.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய சிக்கல், சில்லு இறுகிப்போன ஒன்று என்பதே. ராஜாவின் பாதுகாப்புக்கு இத்தனை மதிப்பெண் என்பதை வெளியிலிருந்து மாற்றலாம். சுற்றில் இடம்பெறாத புதிய சதுரங்க அறிவைச் சேர்க்க வேண்டுமானால் சில்லையே மறுபடி வடிவமைத்து வார்க்க வேண்டும். 1996-இல் காஸ்பரோவிடம் 4-2 என்று தோற்ற பிறகு டீப் ப்ளூவை உருவாக்கிய ஐபிஎம் குழு அதைத்தான் செய்தது. மென்பொருள் எழுதுபவரோ அத்தகைய மாற்றத்தை ஒரே மாலையில் செய்து, இரவோடிரவாகச் சோதித்தும் பார்த்துவிடுவார்.

உள்ளிணைப்புகளை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளைக் கொண்ட ‘ஹைட்ரா’ என்ற சதுரங்க இயந்திரம், 2005-இல் இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5½-½ என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டே, தனிச் சில்லு எதுவுமில்லாத கணினியில் ஓடிய ‘டீப் ஃபிரிட்ஸ்’ என்ற மென்பொருள், அன்றைய உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று வென்றுவிட்டது. 2020 முதல் ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்ற சதுரங்க மென்பொருள் நிலைகளை மதிப்பிடப் பயன்படுத்தும் நரம்பு வலையமைப்பும் சாதாரணச் செயலியிலேயே இயங்கும்படி அமைக்கப்பட்டதுதான்.