வாசகர் கேள்வி பதில்: காக்கை கரைவதற்குள்

கேள்வி: பர்மிய மாதமான தசாங்மோனின் பௌர்ணமி ராத்திரி தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து, அக்கம்பக்கத்து வீட்டுச் சாமான்களை வேடிக்கைக்காக இடம் மாற்றி வைக்கப் போவேன் என்று என் மகன் அடம் பிடிக்கிறான். திருட்டுப் பட்டம் வாங்காமல் இதைச் செய்ய முடியுமா? - வாசகி, ரங்கூன்

பதில்: தாராளமாக. பர்மியர் இதைச் 'சீமனோ' என்பார்கள். 'காக்கை விழிக்காத' என்று அர்த்தம். கெடு பெயரிலேயே இருக்கிறது. முதல் காக்கை கரையும்போது பிள்ளைகள் பாயில் படுத்திருக்க வேண்டும்.

பூந்தொட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தால் ஒருவரும் சிரிக்கப்போவதில்லை. முடிதிருத்தும் கடைப் பலகை பல் வைத்தியர் வாசலில் தொங்கினால் தெருவே சிரிக்கும். அதனால் பகலிலேயே ஒரு சுற்று நடந்து, எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்துகொள்ளட்டும். நாலைந்து பேர் போதும். பத்துப் பேர் போனால் சிரிப்புச் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஒருவன் கையில் நோட்டுப் புத்தகம்: எந்த வீடு, என்ன பொருள், எங்கே போனது. காலையில் சண்டை வருவதெல்லாம் இதை எழுதாததால்தான்.

மண்தொட்டியை விளிம்பில் பிடித்துத் தூக்கினால் ஈரமண் பாரத்தில் விளிம்பு மட்டும் கையோடு வரும். அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பெஞ்சை இழுத்தால் நாய் எழுந்துவிடும்; இரண்டு பேர் தூக்கட்டும். பலகைகளில் கொக்கியில் மாட்டியதை மட்டும் எடுக்கலாம். ஆணி அடித்ததும் மின்கம்பி போனதும் வேண்டாம். கிணற்று வாளி, கயிறு, பெரியவர்களின் ஊன்றுகோல், சைக்கிள், சாமி சம்பந்தப்பட்டது எதையும் தொடவே கூடாது. பூட்டிய கேட்டைத் தாண்டினால் அது விளையாட்டு இல்லை. பொருள் அதே தெருவில், தேடினால் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும். பேட்டைப் பெரியவர் ஒருவர் காதில் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

நீங்களும் மதிப்புள்ளதை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். நிஜத் திருடனுக்கும் அன்று திருவிழாதான்!

கேள்வி: இதுவும் நம் கார்த்திகைத் தீபமும் ஒரே நாளா? - வாசகர், மோல்மீன்

பதில்: சில ஆண்டு ஒட்டி வரும், சில ஆண்டு ஒரு மாதம் விலகும். 2023இல் தீபம் நவம்பர் 26, தசாங்மோன் பௌர்ணமி மறுநாள். 2024இல் பௌர்ணமி நவம்பர் 15, தீபம் டிசம்பர் 13. ஒட்டி வருகிற ஆண்டில் அகல் எரியும் திண்ணைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்; சிந்திய எண்ணெய் வழுக்கும், லுங்கி நுனியில் தீப்பிடிக்கும்.

கேள்வி: தசாங்மோன் பௌர்ணமி அன்று தின்னும் மெஸலி மொட்டுக் கலவை எனக்குக் கசந்தே போகிறது. ஏன்? - வாசகி, தட்டோன்

பதில்: ஒரே தண்ணீரில் வேகவைத்திருப்பீர்கள். மெஸலி நம் மஞ்சள் கொன்றைதான். இரண்டு கைப்பிடி மொட்டைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்; புதுத் தண்ணீரில் மறுபடியும் அப்படியே. பிறகு ஒட்டப் பிழியுங்கள், இல்லையென்றால் கலவை சொதசொதக்கும். வறுத்து இடித்த நிலக்கடலை, எள், பொரித்த வெங்காயம், உப்பு, கடைசியாக எலுமிச்சை.

அன்றிரவு நிலா கார்த்திகை நட்சத்திரத்தோடு சேர்வதால் மொட்டு மருந்தாகிறது என்பது பர்மியர் நம்பிக்கை. அதற்காக வேகாத இலையையோ இலைத்தூளையோ விழுங்காதீர்கள். தாய்லாந்தில் இலைத்தூள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. கொட்டுகிற தண்ணீரைக் குழம்பில் சேர்க்கவும் வேண்டாம்.