ஹாப்ஸன் கொடுத்த குதிரை

கேள்வி: ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ என்று ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். யார் இந்த ஹாப்ஸன்? இரண்டு கெட்ட வழிகளுள் ஒன்றைத் தேர்வது என்பதுதான் இதன் பொருளா?

பதில்: இல்லை. பலரும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘கொடுப்பதை எடுத்துக்கொள், இல்லையேல் வெறுங்கையோடு போ’ என்பதே இதன் பொருள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்து 1631-இல் மறைந்த தாமஸ் ஹாப்ஸன், லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே வண்டியில் கடிதங்களையும் சரக்குகளையும் கொண்டுசென்றவர். குதிரைகளை வாடகைக்கும் விட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் வேகமான குதிரைகளையே கேட்டு வாங்கி, அவற்றை ஓட்டி ஓட்டிக் களைப்படையச் செய்துவிடுவார்கள் என்பதால், லாயத்தின் வாசலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பான விதி வைத்திருந்தார். ஓடிவிட்டுத் திரும்பிய குதிரை வரிசையின் கடைசிக்குப் போகும். எல்லாக் குதிரைகளுக்கும் ஓய்வு கிடைக்கும். வாயில்லா ஜீவன்கள்மீது அக்கறை கொண்ட, நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன். கவிஞர் மில்டன் அவர் மறைவைப் பற்றி இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறார்.

இரண்டும் கெட்ட வழி என்னும் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘டைலமா’ என்ற சொல் தனியே இருக்கிறது.