முன் சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2010 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. 1,72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெங்களூரு எஜிபுராவில் குடியிருக்கிறோம், அடிக்கடி தருமபுரிக்குப் போய் வருவோம். போன வருடம்தான் ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். இப்போது சின்ன மேடு பள்ளத்தில்கூட முன்பக்கம் 'கடகட' என்று சத்தம் கேட்கிறது. சர்வீஸ் சென்டரில் "ஃபிரன்ட் சஸ்பென்ஷன் முழுசா மாத்தணும்" என்று 44,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். எங்கள் தெரு மெக்கானிக் "லிங்க் ராடு ரெண்டை மாத்தினா போதும் சார், நாலாயிரத்துல முடிச்சிடலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்த வயதான வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று இருவருமே உங்களுக்குக் கண்ணால் காட்டவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். எஸ்டிமேட்டில் 'சஸ்பென்ஷன் ஓவர்ஹால்' என்று ஒரே வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், பார்ட் நம்பர், விலை, லேபர் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் கடகடவென்று வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான், அதாவது உங்கள் மெக்கானிக் சொல்லும் லிங்க் ராடு. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது இது. இதை உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அதுதான் காரணம். பிரேக் போடும்போதும் கிளப்பும்போதும் 'டொக்' என்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ்ஷை, அதாவது அதில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோல் ஒலித்தால், ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கும் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் போயிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்று வந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். அதற்கு சஸ்பென்ஷனை மாற்றினால் பணம்தான் போகும், சத்தம் போகாது.

அடுத்து, ஜாக்கில் தூக்கிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவது பால் ஜாயின்ட்டாகவோ (லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டு) வீல் பேரிங்காகவோ இருக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராட் எண்டையும் ரேக் எண்டையும் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அது முடிந்துபோன ஷாக். வெறும் ஈரப்பசை மட்டும் என்றால் துடைத்துவிட்டு இரண்டு வாரம் ஓட்டி மறுபடி பாருங்கள். பானெட்டைக் கையால் அமுக்கிவிட்டு, எத்தனை தடவை எழும்புகிறது என்று பார்த்து ஷாக்குக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். மொத்தமாகப் போன ஷாக்கை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும், அரைகுறையாகத் தேய்ந்ததைக் காட்டாது.

எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது? என் கருத்தில் இது மிக முக்கியம். லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும் சத்தம் போட்டாலும் உடனே ஆபத்தில் தள்ளாது. சம்பளம் வரும்வரை காத்திருக்கலாம். பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் அப்படி இல்லை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஸ்டியரிங் சொல்வதை அந்தச் சக்கரம் கேட்காது. நீங்கள் கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர். இந்த இரண்டில் எதில் ஆட்டம் இருந்தாலும் அதை மாற்றாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள், தயவுசெய்து.

ஷாக்கை மாற்றுவதாக முடிவானால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கூடவே மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடி தாங்கும் ரப்பர்), தூசி உறை ஆகியவற்றையும் புதிதாகப் போடுங்கள். இவை ஷாக்கை விடக் குறைந்த விலைதான். ஆனால் பழையதையே போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மவுன்ட் மட்டும் போனால், அதே ஸ்பிரிங்கை அமுக்கி, அதே வேலையைச் செய்து, அதே லேபரைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். லோயர் ஆர்ம் விஷயத்தில், பால் ஜாயின்ட் நன்றாக இருந்து புஷ் மட்டும் கிழிந்திருந்தால் புது புஷ்ஷை பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுமே போயிருந்தால் முழு ஆர்மாக வாங்குவதே மேல். காயில் ஸ்பிரிங் சுலபத்தில் கெடுவதில்லை. உடைந்திருந்தால், அல்லது வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் மட்டும் மாற்றுங்கள். உங்கள் எஸ்டிமேட்டில் ஸ்பிரிங் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வேலை செய்கிறவரிடம் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். நல்ல புஷ் போட்டும் நிலைக்கவில்லை என்று புலம்புகிற பலருக்கு நடந்தது இதுதான். அப்புறம், வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், அதன் பிரின்ட்டையும் வாங்குங்கள். இல்லையென்றால் டயர் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பிக்கும்.

செலவு செய்யலாமா என்றால், இன்னும் சில வருடம் இதே வண்டியைத்தான் ஓட்டப்போகிறீர்கள், ஆர்.சி.யும் கையில் இருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் செய்யலாம். ஆனால் அதற்கு முன் அடியில் துருவைப் பாருங்கள். ஷாக்கின் மேல் முனை உட்காரும் இடம், லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம் ஆகியவை முக்கியம். பெங்களூரிலேயே வளர்ந்த வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. முன்பு சென்னையில் கடலோரம் நின்ற வண்டி என்றால் நிதானமாகப் பாருங்கள். அந்த உலோகமே அரித்திருந்தால் புதுப் பாகம் போட்டு என்ன பயன்?

கேள்வி: பாகங்களை நானே பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்கிக் கொடுத்தால் லாபமா? ஒரு கடையில் ஒரிஜினல் என்று லோயர் ஆர்ம் வாங்கினேன். மாட்டும்போதே துளை பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்கிறார்கள். பில் கேட்டபோது வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பதில்: லாபம்தான், பார்ட் நம்பரோடு போனால். கார் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். பார்ட் நம்பர் ஆண்டுக்கும் மாடலுக்கும் மாறும். கம்பெனி பாகம் என்றால் பெட்டியில் எம்.ஆர்.பி., பார்ட் நம்பர், ஹாலோகிராம் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்று இல்லை. ஷாக்கில் கேப்ரியல், கே.ஒய்.பி., மன்ரோ, ஜாயின்ட்டுகளில் நம் சென்னையின் ரானே போன்ற பெயர்களில் வருவதைத் தாராளமாக வாங்கலாம். பேரே இல்லாத பாலித்தீன் பையில் வரும் பால் ஜாயின்ட்டை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழைய ஷாக்குக்கு எண்ணெய் மாற்றி, சீல் போட்டுத் தருவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேஸ் நிரப்பிய ஷாக்கில் அந்த அழுத்தம் போனது போனதுதான், எண்ணெய் மட்டும் அதை ஈடுகட்டாது.

ஒரு சங்கடமும் உண்டு. பாகம் நீங்கள் வாங்கியது என்றால் அது கெட்டுப்போகும்போது மெக்கானிக் பாகத்தைக் குறை சொல்வார், கடைக்காரர் மெக்கானிக்கைக் குறை சொல்வார். கொஞ்சம் கூடுதலானாலும் பாகத்தையும் வேலையையும் ஒரே இடத்தில், ஒரே பில்லில் வாங்குவது எனக்குப் பிடித்த வழி.

இப்போது உங்கள் லோயர் ஆர்ம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. எனவே 'வாபஸ் இல்லை' என்று பலகை வைத்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கும் அது செல்லும் என்று நினைக்காதீர்கள். ஆனால் தவறான பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கியது நீங்கள் என்றால் கதை வேறு. கடையில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் பத்திரமாக வையுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் அதுவும் சாட்சி. பொருள், பெட்டி, வெள்ளைச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

கேள்வி: கேரேஜில் இரண்டு முன் ஷாக்கும் மாற்றினேன். மூன்றே மாதத்தில் ஒன்று ஒழுகுகிறது. "ஷாக்குக்கு வாரன்ட்டி உண்டு, லேபரை நீங்கதான் தரணும்" என்கிறார்கள்.

பதில்: முதலில் ஏன் ஒழுகியது என்று தெரிய வேண்டும். சில கேரேஜ்களில் ஷாக்கின் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டைத் திருகுகிறார்கள். தண்டில் கீறல் விழுந்தால் அது மேலும் கீழும் போகும்போது சீலைக் கிழித்துவிடும். பம்ப் ஸ்டாப், தூசி உறை இல்லாமல் மாட்டினாலும் சீல் சீக்கிரம் போகும். கழற்றும்போது பக்கத்தில் நின்று தண்டைப் படம் எடுங்கள். கீறல் இருந்தாலோ, பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் போடாமல் விட்டிருந்தாலோ அது கேரேஜின் வேலைக் குறை, லேபரும் அவர்கள் பொறுப்புதான். தண்டு சுத்தமாக இருந்து, அவையும் சரியாக மாட்டியிருந்தால் பாகத்தின் குறை. அப்போது வாரன்ட்டி அட்டையில் லேபரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பேசித் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பழைய ஷாக்கைக் கேரேஜில் விட்டுவிட்டு வராதீர்கள். வாரன்ட்டிக்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: முன்பக்கம் தாழ்ந்து ஸ்பீட் பிரேக்கரில் உரசுகிறது. ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் போட்டால் போதும் என்கிறார்கள், போடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அது வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, மீதிச் சுற்றுகள் கூடுதல் பாரம் தாங்குகின்றன. வண்டி விறைப்பாகி ஷாக்கும் மவுன்ட்டும் அடி வாங்கும். சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தாலோ, ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, இரண்டு ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றுங்கள்.